வடக்கு ஆஸ்திரேலியாவில் காட்டைக் காப்பவர்களே அதற்குத் தீ வைப்பது ஏன்?

கேட்க முரணாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே தீ இல்லாத வருடமே கிடையாது. ககாடு, ஆர்ன்ஹெம் லேண்ட் பக்கம் மழையில் ஆளுயரம் வளரும் புல் மே மாதவாக்கில் காயத் தொடங்கும். அப்போதே, ஈரம் மிச்சமிருக்கும்போது, துண்டு துண்டாகக் கொளுத்தினால் பெரும்பாலும் இரவில் தானாக அணைந்துவிடும். பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செய்துவந்த வேலைதான். விட்டுவைத்தால், எல்லாம் காய்ந்து கிடக்கும் செப்டம்பர், அக்டோபரில் ஒரே தீ மைல்கணக்கில் ஓடி, சின்னப் பிராணிகள் குடியிருக்கும் மரப்பொந்துகளையும் விழுந்த கட்டைகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

அப்புறம் பூனை. ஐரோப்பியர் கொண்டுவந்து காட்டில் பெருகிப்போன பூனைகள், கடுமையாக எரிந்த இடமாகத் தேடிப் போய் வேட்டையாடுவதை வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஜிபிஎஸ் பட்டை மாட்டியே பார்த்திருக்கிறார்கள். ஒளிய புல் இல்லாத எலி எங்கே ஓடும்? அதனால் சீக்கிரம் கொளுத்தினால் மட்டும் போதாது, சில திட்டுகளை வருடக்கணக்கில் எரிக்காமலே விட வேண்டும் என்பது என் கருத்து.