பப் வாசலில் மோரிஸ் ஆட்டம் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஸ்விண்டனுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷையர் பக்கம் ஒரு கிராமத்து பப்பில் சாப்பிடப் போயிருந்தோம். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் ஆறு பேர் வெள்ளை உடுப்பும் காலில் மணியுமாகக் கைக்குட்டைகளை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கோல்களை எடுத்து அடித்துக்கொண்டு ஆடினார்கள், அச்சு அசல் நம் கோலாட்டம். பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பார்த்தவர்கள் எங்களையும் சேர்த்து ஒரு பத்துப் பேர். அதையும் அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை, ஆடி முடித்ததும் பியர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்! என் கணவருடன் வேலை செய்பவர், இது கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் வளமைச் சடங்கு என்கிறார். உண்மையா? நம் கோலாட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? யூட்யூபில் தேடினால் முகம் முழுக்கக் கறுப்புப் பூசிக்கொண்டு ஆடுகிறவர்களும் வருகிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. இந்த ஆட்டம் அழிந்துகொண்டிருக்கிறதா? கடைசியாக, ஒன்பது வயது மகள் தானும் சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். சேர்ப்பார்களா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்தது மோரிஸ், இங்கிலாந்தின் நாட்டுப்புற ஆட்டம். பார்க்க ஆளில்லை, அவர்களுக்கும் அதில் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மோரிஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அதிலேயே வந்துவிட்டது. அது கூட்டம் சேர்ப்பதற்காக ஆடும் ஆட்டம் இல்லை. கூட்டம் வந்தால் சந்தோஷம், தொப்பியில் நாலு காசு விழும், அவ்வளவுதான். கோடை முழுக்க வாரம் ஒரு சாயங்காலம் தங்களுக்குள் சேர்ந்து ஊர் ஊராகப் போவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது, அப்படித்தான் நான் பார்க்கிறேன்.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு மோரிஸ் குழுவை சைடு என்பார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஏதாவது ஒரு தேவாலயக் கூடத்திலோ ஊர்ப் பொதுக்கூடத்திலோ வாரம் ஒரு நாள் பயிற்சி. குளிர், மரத்தரை, தேநீர், முழங்கால் வலி. மே ஒன்றாம் தேதி விடிகிறபோது வெளியே வருவார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அன்று காலை ஆறு மணிக்கு மாக்டலன் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியில் பாடகர் குழு பாடும், அது முடிந்ததும் கீழே தெருக்களில் மோரிஸ் தொடங்கிவிடும். டோர்செட்டில் செர்ன் ஆபஸ் மலைச்சரிவில் பிரம்மாண்டமாக வரைந்திருக்கும் ராட்சத உருவத்துக்கு மேலே, இருட்டோடு ஏறிப்போய் சூரியன் வரும் நேரத்தில் ஆடுகிறவர்களும் உண்டு. அங்கிருந்து செப்டம்பர் வரை ஆட்டக்காலம்தான்.

வார நாள் சாயங்காலங்களில் பெரும்பாலும் ஒரே ஒழுங்கு: ஏழரை மணிவாக்கில் ஒரு பப், ஐந்தாறு ஆட்டம், ஒரு பைண்ட் பியர், எட்டரைக்கு மேல் பக்கத்து ஊரில் இன்னொரு பப். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது, அதனால்தான் இது முடிகிறது. பல நாள் இன்னொரு சைடையும் அழைத்திருப்பார்கள். இவர்கள் ஓர் ஆட்டம் ஆடினால் அடுத்தது அவர்கள், கடைசியில் இரண்டு பேரும் கலந்து ஒன்று. அந்தக் கடைசி ஆட்டத்தில் யாராவது தப்பான பக்கம் திரும்பி முட்டிக்கொள்வதும் நடக்கும். எல்லோரையும்விட அவர்களேதான் அதிகமாகச் சிரிப்பார்கள். எந்த நாள் எந்த பப், யாரை அழைப்பது, கார் போதுமா என்பதையெல்லாம் குளிர்காலத்திலேயே உட்கார்ந்து எழுதிப் போடுகிறவருக்கு பேக்மேன் என்று பெயர். தலைவர் ஸ்குவையர், ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறவர் ஃபோர்மேன். என் அனுபவத்தில் ஒரு சைடு நிலைப்பதும் கலைவதும் பேக்மேனின் பொறுமையைப் பொறுத்தது.

சனி, ஞாயிறுகளில் கிராமத்து விழாக்கள், கல்யாணங்கள், நாட்டுப்புற இசை விழாக்கள், அப்புறம் பஸ் வைத்துக்கொண்டு போகும் சுற்றுலாக்கள். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எஸ்ஸெக்ஸில் தாக்ஸ்டட் என்ற ஊரில் 1927 முதல் நடக்கும் வாரக்கடைசிக் கூட்டம். பல ஊர் சைடுகள் சனிக்கிழமை பகலெல்லாம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆடிவிட்டு சாயங்காலம் தாக்ஸ்டட் தெருவில் ஒன்றாகக் கூடும். இருட்டுகிற நேரத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று, ஒரே ஒரு வயலின் மட்டும் ஒலிக்க, மான்கொம்புகளைத் தூக்கிக்கொண்டு ஆறு பேர் வரிசையாக நடந்து வருவார்கள். அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்த தெரு வாயை மூடிக்கொள்ளும். அந்த ஊரில் மோரிஸ் தொடங்கியது 1911இல், தொடங்கி வைத்தது கான்ராட் நோயல் என்ற பாதிரியாரின் குடும்பம். தேவாலயத்துக்குள் செங்கொடி ஏற்றிச் சண்டை வாங்கியவர் அந்த நோயல்! மோரிஸ் என்றாலே பழமைவாதிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களிடம் நான் இதைச் சொல்வது வழக்கம்.

சரி, வளமைச் சடங்கு. உங்கள் கணவரின் நண்பர் சொல்வதை இங்கிலாந்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள், ஆடுகிறவர்களில் சிலர் உட்பட. ஆதாரம் கிடையாது. மோரிஸ் ஆட்டத்தைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துப் பதிவு 1448இல் லண்டன் பொற்கொல்லர் சங்கம் ஆட்டக்காரர்களுக்கு ஏழு ஷில்லிங் கொடுத்த கணக்கு. அதாவது, காட்டுக்குள்ளே நள்ளிரவில் நடந்த பூசை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, நகரத்துப் பணக்கார வியாபாரிகளின் விருந்துச் செலவுச் சீட்டுதான் கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அரசவையில் ஆடுகிறார்கள், தேவாலயத்துக்குப் பணம் திரட்டப் பியர் காய்ச்சி விற்கும் விழாக்களில் ஆடுகிறார்கள். 1600இல் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் கோமாளி வேடம் கட்டிய வில் கெம்ப் லண்டனிலிருந்து நாரிச் வரை நூறு மைலுக்கு மேல் மோரிஸ் ஆடிக்கொண்டே போய், அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். விளம்பரம் என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். உழைப்பாளிகளின் கிராமத்து ஆட்டமாக, பெந்தெகொஸ்தே வார விடுமுறையில் வீடு வீடாக ஆடிக் காசும் பியரும் வாங்கும் ஆட்டமாக நாம் அறிவது அதற்குப் பின்னால்தான்.

மேலே சொன்ன மான்கொம்பு ஆட்டம் ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஆபட்ஸ் பிராம்லி என்ற ஊருக்கு உரியது, தாக்ஸ்டட்காரர்கள் அதை எடுத்து ஆடுகிறார்கள். அந்த ஊரில் இருக்கும் கொம்புகள் கார்பன் கணிப்பில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனால் அவற்றை வைத்து ஆடியதாக எழுத்தில் வருவது 17ஆம் நூற்றாண்டில்தான். கொம்பு பழையது என்பதால் ஆட்டமும் பழையதாகிவிடாது. இப்படித் தனித்தனியாகப் பார்க்க யாருக்கும் மனம் வருவதில்லை, ஆயிரம் வருடம் என்று சொல்லத்தான் நன்றாக இருக்கிறது. கோலாட்டத்துக்கும் இதே பதில்தான். கோலும் இரண்டு கையும் உள்ள மனிதர்கள் எங்கே இருந்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் தாளத்துக்கு அடித்து ஆடியிருக்கிறார்கள், நம்மிடமிருந்து போனது என்று காட்ட எதுவும் இல்லை.

இந்தச் சடங்குக் கதை பரவியதில் செசில் ஷார்ப் என்ற இசை ஆசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. 1899 டிசம்பர் 26 அன்று ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில் மாமியார் வீட்டில் இருந்தபோது அவர் ஜன்னல் வழியாக முதல்முறையாக மோரிஸைப் பார்த்தார். கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்தை வாசித்தவர் வில்லியம் கிம்பர், கட்டட வேலை செய்யும் கொத்தனார். பனியில் வேலை நின்றுபோனதால் காசுக்காக, பருவம் தப்பி, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆட வந்திருந்தார்கள். பின்னால் சடங்கு, வளமை என்று எவ்வளவோ எழுதப்பட்ட ஆட்டத்தின் நவீன வரலாறு, கூலி இல்லாத ஒரு வாரத்தில் தொடங்குகிறது. எனக்கு இது அந்தச் சடங்குக் கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

ஷார்ப் இசையைக் குறித்து வைத்துக்கொண்டார், உடனே வேறொன்றும் செய்யவில்லை. 1905இல் மேரி நீல் என்ற பெண்மணி, லண்டனில் தையல் வேலை செய்யும் ஏழைப் பெண்களுக்காகத் தான் நடத்திவந்த எஸ்பெரான்ஸ் மன்றத்துக்குக் கிம்பரை அழைத்துவந்து ஆட்டம் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண்கள்தான் பிறகு ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், தாக்ஸ்டட் உட்பட. அப்புறம் ஷார்ப்புக்கும் நீலுக்கும் சண்டை: அடி பிசகாமல் ஆட வேண்டும் என்றவர் ஷார்ப், உற்சாகம்தான் முக்கியம் என்றவர் நீல். ஷார்ப் வென்றார். அவர் பயிற்றுவித்த ஆண்கள் குழுவில் இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த் உட்பட நான்கு பேர் முதல் உலகப்போரில் இறந்துபோனார்கள். 1934இல் ஆறு சைடுகள் சேர்ந்து மோரிஸ் ரிங் என்ற சங்கத்தை அமைத்தபோது அது ஆண்களுக்கு மட்டும். பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டமைப்பை உண்டாக்க 1975 வரை ஆனது, இன்று மோரிஸ் ஃபெடரேஷன் என்று இருப்பது அதுதான். நீங்கள் பப் வாசலில் நிற்கும்போது, பெண்கள் ஆடுவது மரபு இல்லை என்று பக்கத்தில் யாராவது முணுமுணுத்தால் அந்தத் தையல்காரப் பெண்களை நினைவுபடுத்துங்கள்.

கறுப்புப் பூச்சு. நீங்கள் புதன்கிழமை பார்த்த கைக்குட்டை ஆட்டம் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியின் பெயரில் வழங்கும் வகை. முகம் பூசுவது பெரும்பாலும் வேல்ஸ் எல்லையோர மாவட்டங்களின் பார்டர் வகையில். கந்தல் துணிகள் தைத்த கோட்டு, சத்தம், கனமான கோல். குளிர்காலத்தில் பிச்சை கேட்டு ஆடியவர்கள் அடையாளம் தெரியாமல் இருக்கக் கரி பூசினார்கள் என்று நீண்ட காலம் சமாதானம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் கறுப்பினத்தவரைக் கேலிசெய்து வெள்ளையர்கள் நடத்திய 19ஆம் நூற்றாண்டு மேடை நிகழ்ச்சிகளின் சாயல் அதில் ஏறியிருக்கிறது என்பதையும் ஆராய்ந்தவர்கள் காட்டிவிட்டார்கள். 2020 ஜூலையில் மூன்று மோரிஸ் சங்கங்களும் சேர்ந்து முழு முகக் கறுப்புப் பூச்சைக் கைவிடுவதாக அறிவித்தன. பல சைடுகள் நீலம், பச்சை என்று மாறிக்கொண்டன. லங்காஷையரில் பேக்கப் ஊரின் புகழ்பெற்ற கோகோநட் ஆட்டக்காரர்கள் மறுத்துச் சங்கத்திலிருந்து விலகினார்கள். முடிவு சரியானது, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தெருவில் வந்து நின்று எல்லோரையும் பார்க்கச் சொல்லி ஆடும்போது, பார்க்கிறவர்களில் சிலர் கூசி ஒதுங்க வேண்டியிருந்தால் மரபு என்ற பதில் போதாது. நீங்கள் பார்த்த வீடியோக்கள் பழையவையாக இருக்கக்கூடும்.

அழிகிறதா என்றால், 2009இல் மோரிஸ் ரிங்கே இளைஞர்கள் வராவிட்டால் இருபது வருடத்தில் காணாமல் போய்விடும் என்று எச்சரித்தது. அந்த இருபதில் பெரும்பகுதி கழிந்துவிட்டது, மே காலைகளில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. குளோஸ்டர்ஷையரின் ஸ்ட்ரவுட் ஊர்ப் பெண்கள் குழுவான பாஸ் மோரிஸ் 2023இல் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது மேடையில் வெட் லெக் இசைக்குழுவோடு ஆடியது. இளம்பெண்கள் தாங்களே தைத்த விசித்திரமான உடைகளில், நாடே டிவியில் பார்க்க ஆடினார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் அறுபதுகாரர்கள் அதிகம் தெரிவதற்கு ஓர் எளிய காரணம், இருபது முப்பது வயதில் சேர்ந்தவர்கள் விடாமல் இருந்துவிட்டார்கள்.

மகள் விஷயம். சில சைடுகள் பிள்ளைகளைச் சேர்க்கும், சில சேர்க்காது, குடும்பத்தோடு ஆடும் கலப்புச் சைடாகத் தேடுங்கள். ஃபெடரேஷன் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. அதற்கு முன்னால் அவளை இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போங்கள், இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான். ஒன்று, மே கடைசித் திங்கட்கிழமை விடுமுறையன்று பாம்ப்டன். காலையிலிருந்து வீட்டுத் தோட்டங்களில் ஆடுவார்கள், வாளில் செருகிய தகரப் பெட்டியில் கேக் வைத்துக்கொண்டு ஒருவர் சுற்றுவார், ஒரு துண்டு சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. இன்னொன்று, ஜூன் 19க்கு அருகில் வரும் சனிக்கிழமை அபிங்டன். அங்கே ஆக் தெருவாசிகள் மட்டும் ஓட்டுப் போட்டு அந்தத் தெருவுக்கென்று ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்து நாற்காலியில் தூக்கிக்கொண்டு போவார்கள். எங்கே போனாலும் கோல் அடித்து ஆடும்போது முன்வரிசையில் நிற்க வேண்டாம், சிராய் தெறிக்கும்.

சேருவதற்குச் செப்டம்பர் கடைசியில் எழுதினால் போதும். இப்போது எழுதினால் பேக்மேன் ஏதாவது ஒரு பப் வாசலில் கார்களை எண்ணிக்கொண்டிருப்பார்.