கேளுங்கள், கதைப்போம்: நாலு பேர் உள்ள புது ஊர்

கேள்வி: அக்கா, எங்கட பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துக் காணொளிகளை ஏழு வருடமாக ஒரு பெரிய தளத்தில் போட்டு வந்தேன். திடீரென்று கணக்கை முடக்கினார்கள். காரணம் சொல்லவில்லை. மூன்று கிழமை கழித்துத் திருப்பித் தந்தார்கள். வெறுத்துப்போய், டுவிட்டர் மாதிரியான மாஸ்டடன் என்ற சமூக வலைத்தளத்துக்கு வந்தேன். இரண்டு மாதத்தில் என்னைப் பின்தொடர்வது நாலே பேர். அதில் ஒருவர் என் மச்சான். திரும்பிப் போய்விடட்டா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, மச்சானாவது வந்தாரே! எனக்கு அதுவும் இல்லை. 2022 ஒக்டோபரில் இலான் மஸ்க் டுவிட்டரை வாங்கியபோது கூட்டத்தோடு கூட்டமாக நானும் மாஸ்டடனுக்குப் போனேன். அது ஒரே தளமல்ல, வெவ்வேறு ஆட்கள் நடத்துகிற பல சேர்வர்களின் கூட்டு. எந்தச் சேர்வரில் சேருவது என்று ஒரு இரவு முழுக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டு, சேராமலே படுத்துவிட்டேன். அதற்கு அவ்வளவு யோசித்திருக்கத் தேவையில்லை. ஜிமெயில்காரர் யாகூகாரருக்குக் கடிதம் போடுவது போலத்தான் இதுவும். சேர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொது மொழியில் ஒன்றோடொன்று கதைக்கின்றன. இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி என்ற அமைப்பு 2018 இல் ஏற்றுக்கொண்ட தரம் அது.

பிறகு நான் சேர்ந்த சின்னச் சேர்வரை நடத்தியவர், மூடப்போவதாக அறிவித்தார். அப்போதுதான் குடிபெயர்கிற சங்கடம் புரிந்தது. குருமண்வெளியில் வாவி கடக்கிற பாதை (மிதவைப் படகு) ஏறி மண்டூர் போகிற மாதிரி. என்னைப் பின்தொடர்ந்தவர்கள் தாமாகவே கூட வந்தார்கள். நான் பின்தொடர்ந்தவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கி, புது இடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. பழைய பதிவுகளோ அக்கரையிலேயே நின்றுவிட்டன. இதையெல்லாம் பழைய சேர்வர் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும்.

உங்களுக்கு ஆட்கள் வராததற்குக் காரணம் கூத்து அல்ல. முகப்பில் நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகள் வந்த வரிசையில் வருமே தவிர, இன்னாருக்கு இது பிடிக்கும் என்று கொண்டுபோய்க் காட்டுகிற தரகர் அங்கே இல்லை. தேடினாலும், எழுதியவர் அனுமதித்த பதிவுகள்தான் எல்லாருக்கும் அகப்படும். குறிச்சொல் (ஹேஷ்டேக்) போட்டால் தப்பலாம். கூத்து, மட்டக்களப்பு என்று ஒவ்வொரு பதிவிலும் போடுங்கள். நீங்களும் அவற்றைப் பின்தொடருங்கள். வருகிற கிழமையில் முன்பின் தெரியாத பத்துப் பேருக்காவது மறுமொழி எழுதுங்கள்.

விடிய விடிய ஆடுகிற கூத்தை முழுசாக மாஸ்டடனில் ஏற்றவும் வேண்டாம். பல சேர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன, பாவம். காணொளிக்கென்றே பியர்டியூப் இருக்கிறது. அங்கே உள்ள கணக்கை மாஸ்டடனில் இருந்தே பின்தொடரலாம். இன்னொன்று, தனிச் செய்தியில் காசுக் கதை எழுதாதீர்கள். சேர்வர் நடத்துபவரால் அதை வாசிக்க முடியும்.

திரும்பிப் போகவா என்றால், ஏன் முழுசாக விட்டுவந்தீர்கள்? கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் அவர் ஊர்ச்சனமும் பழைய இடத்தில்தானே இருக்கிறார்கள்? வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலும் வைத்திருப்பவர்கள் எங்களில் எத்தனை பேர்! பழைய கணக்கிலும் போடுங்கள், கீழே புது முகவரியையும் எழுதுங்கள். மூலப் பிரதிகள் மட்டும் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும். மூன்று கிழமை பட்ட பாடு போதாதா?

அப்புறம், மாஸ்டடன் முகவரியை எழுத மறந்துவிட்டீர்கள். சேர்வர் பெயரோடு அனுப்புங்கள், அது இல்லாமல் உங்களைத் தேடிப் பிடிக்க ஏலாது. ஐந்தாவது ஆளாக நான் வருகிறேன்.