கும்பகோணத்தில் ஓவியம் படிக்கலாமா? – கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு கவின்கலைக் கல்லூரி பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது சென்னையில் புத்தக அட்டை, சிறுவர் இதழ் ஓவியம் என்று பிழைப்பு ஓடுகிறது.

சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. ராய் சௌத்ரி, பணிக்கர் போன்ற பெரிய கலைஞர்கள் முதல்வராக இருந்த இடம். அதை விட்டுவிட்டுக் கும்பகோணம் போனால் மட்டமாக நினைக்க மாட்டார்களா? (மாணவர், விழுப்புரம்)

நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் தம்பி. இரண்டு கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான்: தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். படிப்பும் நான்கு வருடம்தான். சென்னையில் பிரிவுகள் அதிகம். செராமிக், துணி வடிவமைப்பு, அச்சோவியம் என்று மனம் போனால் தயங்காமல் அங்கே விண்ணப்பியுங்கள். ஓவியமோ சிற்பமோ என்றால் நான் கும்பகோணம் கட்சி. வகுப்பு சின்னது. பின்வரிசையில் ஒளிந்துகொண்டு நாளை ஓட்ட முடியாது. நீங்கள் போடும் ஒவ்வொரு தாளும் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். அது வரமா சாபமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

சின்ன ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கேலரி கூடக் கிடையாதே. (மாணவி, திருச்சி)

கேலரி இல்லை, உண்மைதான். ஆனால் நாகேஸ்வரன் கோயில் இருக்கிறது. கருவறையின் வெளிச்சுவரில் முற்காலச் சோழர் செய்த மனித உருவங்கள் நிற்கின்றன. காலையில் சாய்வெளிச்சம் விழும் நேரத்தில் நோட்டுடன் போய் உட்காருங்கள். அந்தப் பெண் சிற்பங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடை முழுக்க ஒரு காலில் இறங்கியிருக்கும். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருக்கும், அதே பக்கத்துத் தோள் தாழ்ந்திருக்கும். இந்த ஏற்ற இறக்கம் கைக்கு வந்துவிட்டால் வகுப்பில் மாடலை வரையும்போது உருவம் கம்பம் மாதிரி விறைத்து நிற்காது. என் வரைகோட்டில் கொஞ்சம் உயிர் வந்தது அங்கே உட்கார்ந்த பிறகுதான்.

அப்புறம் உலோகச் சிலை வார்க்கும் ஊரான சுவாமிமலை. கூப்பிடு தூரம். ஸ்தபதி, அதாவது சிலை செய்பவர், உருவத்தின் உயரத்துக்குத் தென்னை ஓலையைக் கீறி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, இடுப்பு எல்லாவற்றுக்கும் கணக்கு எடுப்பார். ஸ்கேல் தேவைப்படாது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணை முதலில் மெல்லிசாகப் பூசுவார்கள். விரல் நகத்தின் கோடு வரைக்கும் பதிவது அந்த முதல் பூச்சில்தான். மேலே மேலே பூசிக் காய வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு போயே போச்சு. இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். வேலை நேரத்தில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

தாராசுரம், ராமசாமி கோயில் தூண்கள், தஞ்சாவூர் அரண்மனைச் செப்புத் திருமேனிகள் எல்லாம் இருக்கின்றன. நான்கு வருடம் போதாது.

ஆனால் இந்தக் காலத்து ஓவியம் பார்க்க ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். சென்னைக்கு வந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் கிராமமான சோழமண்டலத்தையும் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி கேலரியையும் பாருங்கள். கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் வருடம் கடன் வாங்கியாவது போய் வாருங்கள். கோயிலை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்தால் நான்காம் வருடம் எல்லோரும் ஒரே கோபுரத்தை ஒரே வாட்டர்கலரில் போட்டுக்கொண்டு இருப்பீர்கள். இந்த நோய் எங்கள் கல்லூரிப் பக்கம் கொஞ்சம் அதிகம்.

நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? போட்டோ பார்த்து நடிகர் முகம் நன்றாக வரைவேன். (மாணவர், பட்டுக்கோட்டை)

போட்டோவை ஓரம் வையுங்கள். வீட்டில் இருக்கும் சொம்பு, செருப்பு, கசங்கிய துண்டு ஆகியவற்றை எதிரே வைத்து வரையுங்கள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். பால்பாயின்ட் பேனாவும் மலிவான தாளும் போதும், ரப்பர் வேண்டாம். தூங்கி வழிகிற ஆள், பூக் கட்டுகிற அம்மா, யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட வேண்டும். பஸ் வந்தால் ஆள் போய்விடுவார். அந்த அவசரமே பயிற்சி.

செலவு எவ்வளவு ஆகும் சார்? என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போகிறார். (ஒரு தாய், மன்னார்குடி)

அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்களை அழுத்தாது அம்மா. காசு கரைவது பொருளில்தான். கித்தான், ஆயில் கலர், நல்ல வாட்டர்கலர் தாள் எல்லாம் விலை கூடிக்கொண்டே போகிறது. முதல் வருடத்துக்குப் பென்சில், கரி, போஸ்டர் கலர், கார்ட்ரிட்ஜ் தாள் இருந்தால் சமாளிக்கலாம். பெரிய தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எடுத்ததுமே விலை உயர்ந்த பிரஷ் செட் வாங்கித் தராதீர்கள். சிற்பம் எடுத்தால் களிமண் திரும்பத் திரும்பப் பயன்படும். ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்தால் ஆயிற்று.

இங்கே படித்துப் பெயர் வாங்கியவர் யாராவது உண்டா? (மாணவர், அரியலூர்)

எஸ். இளையராஜா. கிராமத்துப் பெண்களையும் வீட்டுக்குள் விழும் வெயிலையும் புகைப்படம் என்று மயங்கும்படி வரைந்தவர். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், இதே கல்லூரி. 2021இல் கொரோனா கொண்டுபோய்விட்டது.

ஏஐ வந்த பிறகும் இதைப் படிக்க வேண்டுமா?

விளம்பரத்துக்கும் அட்டைக்கும் வரும் சில்லறை வேலைகள் குறைந்துவிட்டன, மறைக்க விரும்பவில்லை. அந்த வருமானத்தை மட்டும் நம்பி வருவதாக இருந்தால் யோசியுங்கள்.

படித்து முடித்து எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலைப் படிப்புக்கு பரோடா, சாந்திநிகேதன் பல்கலைக்கழகங்களுக்குப் போக முடியுமா? ஆங்கிலம் வராதே. (மாணவி, திருவாரூர்)

போகலாம். அங்கே முதலில் பார்ப்பது உங்கள் வேலையை. மூன்றாம் வருடத்திலிருந்தே ஒவ்வொரு படத்தையும் பகல் வெளிச்சத்தில், நேராக, ஓரம் வெட்டாமல் போட்டோ எடுத்துத் தேதியும் அளவும் எழுதி வையுங்கள். ஏன் இதை வரைந்தேன் என்று படத்துக்கு நாலு வரி தமிழிலேயே எழுதிப் பழகுங்கள். பிறகு யாராவது துணையோடு ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழிலேயே நாலு வரி வரவில்லை என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. விண்ணப்பத் தேதிகளை அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் நீங்களே பாருங்கள். சீனியர் சொன்ன தேதியை நம்ப வேண்டாம்.