எஞ்சினை நேரா பைபரில பூட்டலாமோ?

வணக்கம் அண்ணை,

நான் வல்வெட்டித்துறைப் பக்கம், பைபர் போட் திருத்திற வேலை செய்யிறன். அப்பாவின்ர பழைய மினி கார் ஒண்டு வளவுக்குள்ள கிடக்கு, உப்புக்காத்தில பொடி முழுக்க இத்துப்போச்சு, எஞ்சின் மட்டும் இண்டைக்கும் நல்லா ஸ்டார்ட் வருது. மோல்ட் எடுத்து முழுக்க பைபரில ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மாதிரிச் செய்வம் எண்டு யோசிக்கிறன். லோட்டஸ் எலீட் எண்ட காருக்குச் செசியே (அடிச்சட்டம்) இல்லை, முழுக்க பைபர்தான் எண்டு வாசிச்சன். அப்பிடியெண்டால் மினியில எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கிற அந்தப் பாரமான இரும்புச் சட்டத்தை, சப்பிரேமை, கழட்டிப்போட்டு, எஞ்சின் இருக்கிற இடத்தில பத்துப் பன்னிரண்டு பைபர் மாட் (கண்ணாடி நார் விரிப்பு) கூடப் போட்டு நேரா பைபரிலயே பூட்டினால் என்ன? எங்கட போட்டுகள் அலையில அவ்வளவு அடிபட்டும் உடையிறேல்லைத்தானே?

வல்வெட்டித்துறை வாசகர்

தம்பி,

சப்பிரேமைக் கழட்டாதேங்கோ. இதை முதலே சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தைக் கதைக்க வேணும், ஏனெண்டால் நீங்கள் கடிதம் போட்டுட்டு ஸ்பானரோட நிக்கிற ஆள் மாதிரி எனக்குத் தெரியுது.

நீங்கள் போட் திருத்திற ஆள் எண்டபடியால் விடை உங்கட கையிலயே கிடக்கு. அவுட்போட் மோட்டர் கொழுவுற பின் பலகைக்குள்ள வெறும் பைபரோ இருக்கு? ரெண்டு பக்கமும் பைபர், நடுவில பிளைவுட். அலை அடிக்கிற அடி போட்டின்ர அடிப்பக்கம் முழுக்கப் பரவி விழுது, அதை மெல்லிய தோலே தாங்கிப்போடும், ஆனா மோட்டர் தள்ளுறது கிளாம்ப் பிடிச்சிருக்கிற உள்ளங்கையளவு இடத்தில. என்ர மாமா குருநகரில தொழில் செய்தவர், அவர் பின் பலகையில ஓட்டை போட்டு போல்ட் அடிச்சுப்போட்டு ஓட்டையின்ர உள்பக்கத்தை ரெசினால அடைக்காமல் விட்டவர், ரெண்டு வருசத்தில தண்ணி இறங்கி பிளைவுட் உக்கிப்போச்சு, வெளியில பார்த்தால் ஒண்டும் தெரியாது, ஒருநாள் கரைக்கு வரேக்க த்ரொட்டிலைத் திருப்ப பலகை பிளந்து மோட்டர் அப்பிடியே பின்னால சரிஞ்சது. கயிறு கட்டியிருந்தபடியால்தான் கடலுக்குள்ள போகேல்லை. அந்தப் போட்டின்ர மிச்ச பைபருக்கு ஒரு கீறலும் இல்லை, நான் கண்ணால பார்த்தனான். ஒரு புள்ளியில வாற பாரத்தைப் பரப்பிக் குடுக்கிற சாமான் உக்கினதுதான் அங்க நடந்தது. காரில அந்த வேலையைச் செய்யிறதுதான் சப்பிரேம்.

எலீட் கதைக்கு வருவம். 1957இல லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டர் ஷோவில வெளிக்காட்டின கார், பாரம் 500 கிலோ அளவுதான், 1216 சிசி கொவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின். தனிச் செசி இல்லை எண்டது சரி, இரும்பே இல்லை எண்டது பிழை. முன்னுக்கு எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்க ஒரு இரும்புச் சப்பிரேமை பைபருக்குள்ளயே வைச்சு ஒட்டியிருந்தவை, முன் கண்ணாடியைச் சுத்தியும் ஒரு இரும்பு வளையம். பின்னுக்குத்தான் துணிஞ்சு டிஃபரன்ஷலை (எஞ்சின் சக்தியை ரெண்டு சில்லுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) நேரா பைபரில பூட்டினவை, கரைச்சல் வந்ததும் அங்கதான், பூட்டின இடம் பிய்ஞ்சுகொண்டு வந்தது, சத்தமும் மேளம் மாதிரி உள்ளுக்குக் கேட்டது. லோட்டஸைத் தொடங்கின அதே கொலின் சாப்மன் 1962இல எலான் எண்ட கூரையில்லாத காரை விடேக்க நடுவால ஒரு இரும்பு முதுகெலும்புச் செசி போட்டு, எஞ்சின், சஸ்பென்ஷன், டிஃபரன்ஷல் எல்லாத்தையும் அதிலயே கொழுவிப்போட்டு பைபர் பொடியை மேல வைச்சார். கூரை இல்லாத காருக்கு அது இன்னும் அவசியம், மூடின பெட்டி முறுகாது, மூடியைக் கழட்டின பெட்டி முறுகும், சப்பாத்துப் பெட்டியைக் கையில எடுத்து முறுக்கிப் பாருங்கோ.

இனி உங்கட மினிக்கு ஒரு சின்னக் கணக்கு. 848 சிசி எஞ்சின் எண்டால் டோர்க், அதாவது முறுக்கு விசை, 60 நியூட்டன் மீட்டர் அளவு. முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து அதை 13 மடங்குக்கு மேல பெருக்கும், 800க்குக் கிட்ட வரும். மினியில எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃபரன்ஷல் மூண்டும் ஒரே கட்டி, அதால அந்த 800உம் எஞ்சினைப் பிடிச்சிருக்கிற இடத்திலதான் திருப்பி அடிக்கும். அரை மீட்டர் இடைவெளியில ரெண்டு பக்கம் பிடிச்சிருந்தால் ஒரு பக்கம் 160 கிலோ மேல இழுக்க மற்றப் பக்கம் 160 கிலோ கீழ அமத்தும், காலை எடுத்தால் மறுபக்கம் மாறும், கிளச்சை வெடுக்கெண்டு விட்டால் இன்னும் கூட. இது எஞ்சின் மட்டும்தான், பள்ளத்தில விழுற ரயர் தாற அடியும் பிரேக் பிடிக்கேக்க வாற இழுவையும் வேற. பன்னிரண்டு மாட் போட்டால் தாங்காதோ எண்டு கேப்பீங்கள். மாட்டில செய்த பைபர் இரும்பை விட 25 மடங்கு அளவு கூட வளையும், அதோட துளைக்கிற ஒவ்வொரு ஓட்டையும் நாரை அறுக்கிற ஓட்டை. நாலு போல்ட்டில ஒண்டுக்குப் பாரம் கூடினால் இரும்பு கொஞ்சம் இளகிக் குடுத்து மற்ற மூண்டுக்கும் பங்கு போடும், பைபர் அப்பிடி விட்டுக்குடாது, அந்த ஒண்டிலயே வெடிக்கத் தொடங்கும். பேந்து சூடு இருக்கு, சாதாரண பொலியெஸ்டர் ரெசின் 70, 80 பாகை தாண்ட இறுக்கம் விடும், சைலன்சர் பைப்புக்குப் பக்கத்தில எவ்வளவு வரும் எண்டு உங்களுக்கே தெரியும். இண்டைக்கு இறுக்கின நட் ஒரு மாசத்தில தானா லூசா நிக்கும், தடிப்பைக் கூட்டினாலும் இது மாறாது.

சப்பிரேம் எண்டது பைபருக்கு மட்டுமான வைத்தியமும் இல்லை. மினியின்ர முதல் சோதனைக் கார்களில இரும்புப் பொடியே வெடிச்சபடியால்தான் முன்னுக்கும் பின்னுக்கும் சப்பிரேம் வைச்சவை. லம்போர்கினி அவென்டடோரில ஆக்கள் இருக்கிற நடுத்தொட்டி காபன் பைபர், 147.5 கிலோ, அதிலயும் முன்னுக்கும் பின்னுக்கும் அலுமினியச் சட்டம்தான். எஞ்சினையே தொட்டியோட இறுக்கிப் பூட்டின காரும் இருக்கு, 1995இல வந்த ஃபெராரி எஃப்50, ஆனா அங்க எஞ்சினே செசியின்ர பாதி, அதின்ர அதிர்வு முழுக்க சீட்டுக்குள்ள வரும்.

உங்களுக்கு உண்மையில தேவையான கார் வேற ஒண்டு, மினி மார்கோஸ். 1965இல வந்தது, பைபர் மொனோகொக் (பொடியே செசியாவும் இருக்கிற அமைப்பு), மினியின்ர எஞ்சின், மினியின்ர ரெண்டு சப்பிரேமும் அப்பிடியே. 1966 லெ மான் 24 மணித்தியால ஓட்டத்தில 15ஆவதா வந்து முடிச்சது, அந்த வருசம் ஓடி முடிச்ச ஒரே பிரித்தானியக் கார் அதுதான். நீங்கள் கனவு காணுற கார் ஏற்கனவே ஓடியிருக்கு தம்பி, சப்பிரேமோட ஓடியிருக்கு, அதை நினைக்க எனக்கே சந்தோசமாக் கிடக்கு.

அதால ரெண்டு சப்பிரேமையும் வைச்சிருங்கோ. முன்னதையும் பின்னதையும் ரெண்டு பக்கமும் இரும்புப் பெட்டிக் குழாயால இணையுங்கோ, பைபர் அதுக்கு மேல வரட்டும். பைபரை ஊடறுத்துப் போற ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதைச் சுத்தி ஒரு இரும்புக் குழாய், ஸ்லீவ், போடுங்கோ, நட்டை இறுக்கேக்க ஸ்லீவ்தான் அமத்துப்பட வேணும், ரெசின் இல்லை. ரெண்டு பக்கமும் கையகல இரும்புத் தகடு, விளிம்பை உருட்டி விடுங்கோ, கூரான விளிம்பே வெட்டத் தொடங்கும். பிளைவுட் வேண்டாம், காரணம் மேல சொல்லிட்டன். சீட் பெல்ட் பூட்டுற இடம் கட்டாயம் இரும்பில, அதில மட்டும் ஒரு சமாதானமும் செய்யாதேங்கோ.

மினியில முதல் உக்கிறது பின் சப்பிரேம்தான், அதுவும் உங்கட ஊர் உப்புக்காத்தில சொல்லத் தேவையில்லை. கழுவிப்போட்டு சின்னச் சுத்தியலால சுத்திவரத் தட்டுங்கோ, மொத்தையாச் சத்தம் கேட்கிற இடத்தைச் சோக்கால வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கோ. அதைப் பார்த்துப்போட்டு வெல்ட் பண்ணலாமோ, புதுசு தேட வேணுமோ எண்டு சொல்லுறன், அதுக்குப் பிறகு மோல்டைத் தொடங்கலாம்.