ஆபரேஷனுக்கு எத்தனை குப்பி ஃபேக்டர்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 22, எடை 50 கிலோ. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா 'ஏ' நோய், ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபேக்டர் 8 ஒரு சதவீதம்கூட இல்லை. வேலூரில் குடலிறக்க ஆபரேஷன் செய்யப்போகிறோம். ஆபரேஷன் அன்று மட்டும் ஃபேக்டர் போட்டால் போதுமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போதாதம்மா. ஆபரேஷன் மேஜையில் எல்லாரும் உஷாராக இருப்பார்கள். ஏமாற்றுவது ஐந்தாம், ஆறாம் நாள்தான். மேலே தையல் காய்ந்திருக்கும், 'சரியாகிவிட்டதே' என்று ஊசியை நிறுத்துவார்கள். உள்ளே ஆறாத இடத்தில் ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும்.

கணக்கு எளிது: எடையை, ஏற்றவேண்டிய சதவீதத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். 80 சதவீதம் வேண்டுமென்றால் 50 × 80 ÷ 2 = 2000 யூனிட், அதாவது 500 யூனிட் குப்பி நான்கு. இதை ஆபரேஷனுக்குச் சற்று முன் போட்டு, அளவு ஏறியதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். 8 முதல் 12 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும். எனவே 12 மணி நேரத்துக்கொரு முறை சுமார் 1000 யூனிட். பிறகு படிப்படியாகக் குறைத்து, காயம் ஆறும்வரை 7 முதல் 14 நாள். குப்பிகள் மொத்தமும் கையில் வந்த பிறகே தேதி குறியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசம். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருப்பைக் கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், 'இன்ஹிபிட்டர்' பரிசோதனை. உடம்பே ஃபேக்டரை எதிர்க்கும் பொருளை அதிகமாக உண்டாக்கியிருந்தால், எத்தனை குப்பி போட்டாலும் அளவு ஏறாது. அப்போது வேறு மருந்து, விலையும் வேறு.

குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் விட்டபின் தண்ணீர் மருந்தைச் சேர்த்து உள்ளங்கையில் மெல்லச் சுழற்றவேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும். சதை ஊசி, ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் மூன்றும் கூடாது, வலிக்குப் பாராசிட்டமால்.

கேள்வி: ஃபேக்டருக்குப் பதில் பிளாஸ்மா ஏற்றினால் என்ன?
– வாசகர், ஆற்காடு

பதில்: பிளாஸ்மா என்பது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதில் ஒரு மில்லியில் இருப்பது சுமார் ஒரு யூனிட் ஃபேக்டர். மேலே சொன்ன 2000 யூனிட்டுக்கு 2 லிட்டர் ஏற்றவேண்டும். நுரையீரலில் நீர் கோத்துவிடும். அவசரத்துக்கு கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும், ஃபேக்டர் 8 செறிந்த பகுதி) பரவாயில்லை, பை ஒன்றுக்குச் சுமார் 80 யூனிட் கிடைக்கும். அப்படியும் 25 பை, அதாவது 25 பேரின் ரத்தம். ஃபேக்டர் 9 குறைபாடான ஹீமோஃபிலியா 'பி' நோயாளிக்கு அதுவும் உதவாது. கிரையோவில் ஃபேக்டர் 9 கிடையாது.