பார்வையற்ற மகள் கல்லூரியில் சேர்கிறார்: எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம்

அம்மா, கல்லூரியில் சேரும் பார்வையற்ற மகளுக்காக நகையை அடகு வைத்து, கடையில் காட்டிய ‘படித்துச் சொல்லும் கண்ணாடி’யை வாங்கலாமா, படித்த பிறகு அவருக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடி எதிரே உள்ள எழுத்தைப் படம் பிடித்து வாசிக்கும். வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் கூகுள் லென்ஸ் அதே வேலையைக் காசு வாங்காமல் செய்கிறது, தமிழ் எழுத்தையும் எடுத்துக் கொடுக்கிறது. பி.ஏ. வரலாறு, அதுவும் தமிழ் வழியில் படிக்கப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு மடிக்கணினியும், அதில் தமிழைத் தடுமாறாமல் தட்டச்சு செய்யும் விரல்களும்தான். ஐந்து பக்கக் கட்டுரையைப் போனில் கேட்டுவிடலாம், எழுத முடியாது.

மடிக்கணினியில் 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் போதும். தொடுதிரையும் கிராபிக்ஸ் கார்டும் அவருக்குப் பயன்படாது, அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 4 ஜிபி ராம் உள்ளதை வாங்கினால் விசையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரல் வரும். அந்தத் தாமதத்தில் எந்த எழுத்து விழுந்தது என்று தெரியாமல் மறுபடி அழுத்துவார், பிழை இரட்டிக்கும். கடையில் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸ்ஸில் ஓடும் குரோம்புக் வேண்டாம், கீழே சொல்லும் மென்பொருள் அதில் ஓடாது. விண்டோஸ் ‘எஸ் மோடு’ என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ விடாது. அதிலிருந்து வெளியேறக் கட்டணம் இல்லை, கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். ஹெட்போன் கம்பியோடு இருக்கட்டும். புளூடூத்தில் பல நேரம் முதல் அசை விழுங்கப்படும், ‘நீக்கவா’ என்று கேட்பதும் ‘சேமிக்கவா’ என்று கேட்பதும் குழம்பிப்போகும்.

திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளுக்குத் திரை வாசிப்பான் என்று பெயர். அதற்கு என்விடிஏ (NVDA) போதும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது, இன்றும் முழுக்க இலவசம். கட்டண மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேர்வு நெருங்கும்போது அது நின்றுவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. என்விடிஏவை நிறுவியதும் வரும் முதல் பெட்டியிலேயே ‘லேப்டாப்’ விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்து, கேப்ஸ் லாக் விசையை ‘என்விடிஏ விசை’யாக்குங்கள், அதாவது வாசிப்பானுக்குக் கட்டளை கொடுக்க மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்தும் விசை. வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் இன்சர்ட் விசை சிறிய மடிக்கணினிகளில் எங்கோ மூலையில் இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிப்பான் தொடங்கும். ஒரு பென்டிரைவிலும் அதன் பிரதியைப் போட்டு வையுங்கள், கல்லூரி ஆய்வகக் கணினியில் செருகி நிறுவாமலே இயக்கலாம்.

தமிழ்க் குரலுக்கு இரண்டு வழி. என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் வேகம் கூட்டினாலும் தெளிவு குறையாது. விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதன் பேச்சுப் பகுதியையும் பதிவிறக்கினால் ‘வள்ளுவர்’ என்ற குரல் வரும், அது காதுக்கு இதம். நீண்ட நேரம் படிக்க வள்ளுவர், தட்டச்சின்போது இ-ஸ்பீக் என்று பிரித்துக்கொள்வது நல்லது. தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி திறக்கும்வரை தினமும் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள சின்ன மேட்டில் ஆள்காட்டி விரல்களை வைத்துத் தொடங்கினால் போதும்.

காதால் மட்டும் படிப்பவருக்குத் தமிழில் ஒரு ஆபத்து இருக்கிறது. ன, ண, ந மூன்றும் குரலில் ஏறக்குறைய ஒன்றுபோலக் கேட்கும். ர, ற கதையும் அதுவே. நாளாக நாளாக எழுத்துப் பிழை பெருகும். ஐயம் வரும் சொல்லை அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகக் கேட்கும் பழக்கம் வேண்டும். பள்ளியில் கற்ற பிரெயிலையும் விடக் கூடாது. பிரெயில் எழுதும் சிலேட்டும் புள்ளி குத்தும் ஸ்டைலஸும் பையில் இருக்கட்டும், பெயர், ஆண்டு, புதுச் சொல் மட்டுமாவது அதில் குறித்து வைக்கட்டும். திரையில் உள்ளதை விரலால் தொட்டுப் படிக்கக் காட்டும் மின்னணு பிரெயில் கருவியை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஊசிகள் இருப்பதால்தான் அதற்கு அவ்வளவு விலை.

இத்தனையும் வாங்கிய பிறகும் முதல் மாதத்திலேயே பல மாணவர்களின் படிப்பு நின்றுபோகிறது. காரணம், பாடக்குறிப்பு வரும் வடிவம். பல ஆசிரியர்கள் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு அது தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரை வாசிப்பான் ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று படிக்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிள்ளை தவிக்கும். சோதிக்க எளிய வழி: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினியும் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடு, சிக்கல் இல்லை. ஆங்கிலக் கிறுக்கலாக விழுந்தால் பழைய எழுத்துரு. அப்போது ஆசிரியரிடம் பிடிஎஃப் கேட்காமல் மூல வேர்ட் கோப்பையே கேளுங்கள். அதைத் திறந்தால் எழுத்துருவின் பெயர் தெரியும், இணையத்தில் உள்ள இலவச எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் நொடியில் யூனிகோடாகிவிடும். பிடிஎஃப் ஆக மாறிய பிறகு இதே வேலை பெரும்பாடு.

அச்சுப் புத்தகம் மட்டும்தான் இருக்கிறது என்றால், பக்கத்தை நேர் மேலிருந்து, நிழல் விழாமல் படம் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, ‘கூகுள் டாக்ஸ் மூலம் திற’ என்று கொடுங்கள். படத்துக்குக் கீழே உரை வந்துவிடும். புத்தகத்தின் நடு மடிப்பில் எழுத்து வளைந்தால் வரிகள் கலையும், ஆகவே ஒரு படத்துக்கு ஒரு பக்கம் மட்டும். ‘க’ என்பது ‘சு’ என்றும், துணைக்கால் ‘ர’ என்றும் மாறி வருவது வழக்கம். பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சரியாகிவிடும். இந்த இடத்தில் உங்கள் உதவி எந்தக் கருவியையும்விடப் பெரிது. கையெழுத்துக் குறிப்பை இந்த வழியில் நம்ப வேண்டாம், தோழி ஒருவர் வாசிக்கக் குரலில் பதிவு செய்துகொள்வதே மேல். இப்படி நகலெடுப்பது திருட்டாகுமா என்ற பயம் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 52(1)(zb) பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தங்களால் படிக்க முடிந்த வடிவில் பிரதி செய்வதை அனுமதிக்கிறது. 2016இல் தொடங்கிய, பார்வையற்றோர் படிக்கத்தக்க நூல்கள் உள்ள சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் மாற்றுத்திறன் சான்றைக் கொடுத்து உறுப்பினராகச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் நூலை மறுபடி ஸ்கேன் செய்வது வீண் உழைப்பு.

பணத்துக்கு வருவோம். மடிக்கணினி வாங்கும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்விடுங்கள். தக்க செயலியுடன் கூடிய திறன்பேசி, பாடம் வாசித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகை, மடக்கு ஊன்றுகோல் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் மடிக்கணினிக்கு வாய்ப்பு உண்டா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி, ஆதார், வருமானச் சான்று, கல்லூரியின் படிப்புச் சான்று, புகைப்படம் எல்லாவற்றிலும் இரண்டு நகல் வையுங்கள். பெரும்பாலும் விண்ணப்பம் திரும்புவது ஒரு காரணத்தால்தான்: யூடிஐடியில் பெயரின் எழுத்து ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. சேர்க்கைக்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடமும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தைக் குறிக்க மறக்காதீர்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே சட்டம் அரசுப் பணியில் 4 சதவீதம் ஒதுக்குகிறது, அதில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும். வங்கித் தேர்வானாலும் அலுவலகப் பணியானாலும் எல்லாம் கணினியில்தான் நடக்கிறது. விசைப்பலகையில் தயங்காதவருக்கு அந்த இடங்கள் கைக்கெட்டும்.

பருவத் தேர்வுக்கு முதல் பருவத்திலேயே தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் உண்டு, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். சொல்வதை எழுதுபவர் மட்டுமே வழி இல்லை, கணினியில் விடையளிக்கவும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை இடம் தருகிறது. முதல் இரண்டு பருவத்துக்கு எழுதுபவரோடு போகட்டும். தட்டச்சு கைவந்ததும் கணினியைக் கேட்கட்டும். கேட்டால், தேர்வுக்கு முந்தின நாளே அந்தக் கணினியில் உட்கார்ந்து பார்க்க உரிமை உண்டு. என்விடிஏ பேசுகிறதா, தமிழ்99 இருக்கிறதா, கம்பி ஹெட்போன் பொருந்துகிறதா என்று அப்போது பார்த்துவிட வேண்டும்.