32 பிள்ளையளுக்கும் ஒரு புளொக் காணும் ரீச்சர்

முல்லைத்தீவு புதுக்குடியிருப்புப் பக்கம் தரம் 9க்கு தமிழ் படிப்பிக்கிற ரீச்சர் ஒராள் கேட்டிருக்கிறா: "32 பிள்ளையள், லாப்பில வேலை செய்யிறது 6 கம்பியூட்டர், கனபேருக்கு வீட்டில தாய்தகப்பன்ர போன் மட்டும்தான். புளொக், அதுதான் இன்ரநெற்றில எழுதிப் போடுற வலைப்பூ, எழுதப் பழக்கினா பிரயோசனம் இருக்கோ, எப்பிடித் தொடங்கிறது?"

இருக்கு ரீச்சர். ஆனா ஆளுக்கொண்டு திறந்து குடுக்காதேங்கோ, ரெண்டு கிழமையில படுத்திடும். வகுப்புக்கு ஒண்டு, கூகிளின்ர புளொக்கர் காசில்லாதது, அதிலயே உங்கட கணக்கால தொடங்குங்கோ. பிள்ளையள் முதல் கொப்பியில எழுதட்டும், பிறகு லாப்பிலயோ வீட்டுப் போனிலயோ ரைப் பண்ணலாம். புளொக்கர் செற்றிங்கில ஒரு ரகசிய ஈமெயில் விலாசம் போடலாம், அதுக்கு அனுப்புற கட்டுரை டிராஃப்டா வந்து நிக்கும், நீங்கள் வாசிச்சுப்போட்டு வெளியிடலாம், சிக்னல் விட்டுவிட்டு வாற இடங்களுக்கு இது பெரிய உதவி.

எல்லாரும் சறுக்கிற இடம் பாமினி. லாப்பில பாமினியில அடிச்சதை அப்பிடியே ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாத்தான் தெரியும், ஏனெண்டா பாமினி இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தின எழுத்துரு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில உள்ளுக்க கிடக்கிறதுதான் வெளிய வரும். எந்தக் கம்பியூட்டரிலயும் போனிலயும் தமிழாவே தெரியிற யூனிகோட் முறைக்கு மாத்திப்போட்டு ஒட்டுங்கோ. போன் கீபோர்ட் எண்டா அந்தக் கரைச்சல் இல்லை.

தலைப்பு "எனது பொழுதுபோக்கு" வேண்டாம். நந்திக்கடலில இறால் பிடிக்கிறவையிட்டக் கேட்டு எழுதச் சொல்லுங்கோ, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு கடல்தண்ணியில விளக்கெரியிறதைப் பற்றி அம்மம்மா சொல்லுறதை எழுதச் சொல்லுங்கோ, 1803ல வன்னி அரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரிட்டத் தோத்த கற்சிலைமடுவும் தூரமில்லை.

உண்மையான படிப்பு நடக்கிறது கீழ கருத்துப் போடுற இடத்திலதான், அதை விட்டா புளொக் வெறும் சுவர்ப்பத்திரிகை. "நல்லாயிருக்கு" எண்டு மட்டும் எழுத விடாதேங்கோ. பிடிச்ச ஒரு வரியை எடுத்துச் சொல்லி ஒரு கேள்வி கேக்கவேணும். "அப்பா வலை போட்டார்" எண்டு எழுதினவனிட்ட "என்ன வலை?" எண்டு கூட்டாளி கேட்டா அவன் வீட்ட போய்க் கேட்டுத் திருப்பி எழுதுவான், ரீச்சர் சிவப்புப் பேனையால கோடு போட்டா அவ்வளவு தூரம் போகான்.

முழுப்பேர், முகம் தெரியிற படம், வீட்டு விலாசம் ஒண்டும் போடவேண்டாம், கருத்துகளும் நீங்கள் பாத்த பிறகுதான் வெளிய வாற மாதிரி செற் பண்ணுங்கோ. இன்னொண்டு, எங்கட இடத்தில இது வரும்: ஒரு பிள்ளை காணாமப்போன மாமாவைப் பற்றி, 2009ஐப் பற்றி வீட்டில கேட்டதை எழுதும். அதில எழுத்துப்பிழை தேடாதேங்கோ. பிள்ளையோடயும் வீட்டாக்களோடயும் இருந்து கதையுங்கோ, அவை ஓமெண்டா மட்டும் போடுங்கோ, கொப்பியோட நிக்கட்டும் எண்டா நிக்கட்டும்.